மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? மனித விண்வெளிப் பயணத்தில் இடரும் அரசியலும்

ஆய்வுச் சுருக்கம்

மனித விண்வெளிப் பயணம் குறித்த பொது விவாதம் பெரும்பாலும் இடரின் அளவு, செலவு, பயன் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்கிறது. அமெரிக்க விண்ணோடத் திட்டத்தின் இரு விபத்துகளை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, பாதுகாப்பில் ஐயம் எழும்போது மெய்ப்பிக்கும் பொறுப்பு யார்மீது சுமத்தப்படுகிறது என்னும் வினா அவ்விவாதத்தின் மையத்திற்கு வர வேண்டியதை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: விண்ணோடம், இடர், சேலஞ்சர், கொலம்பியா, பிறழ்வு இயல்பாதல், ஒப்புதல்

முன்னுரை

1981 முதல் 2011 வரை அமெரிக்க விண்ணோடங்கள் 135 முறை ஏவப்பட்டன. அவற்றுள் இரு பயணங்கள் பேரழிவில் முடிந்தன. 14 பேர் உயிரிழந்தனர். முதல் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பேரிழப்பு நேரும் வாய்ப்பு பற்றிய மதிப்பீடுகள் 100இல் ஒன்று முதல் 1,00,000இல் ஒன்று வரை வேறுபட்டதை எடுத்துக்காட்டினார். முதலாவது, பணியில் இருந்த பொறியாளர்களுடையது, இரண்டாவது, மேலாண்மையினுடையது. ஒரே ஊர்தியைப் பற்றிய கணிப்பில் ஆயிரம் மடங்கு வேறுபாடு எழுமாயின், அதனைக் கணக்கியல் சிக்கலாக மட்டும் கருத இயலாது. எந்த எண் முடிவெடுக்கும் இடத்தில் ஏற்கப்படுகிறது என்பது நிறுவன அதிகாரம் சார்ந்தது.

சேலஞ்சர்: தலைகீழான வினா

1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது. திண்ம எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பில் வெப்ப வளிமம் கசியாமல் காக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்திறன் குன்றியிருந்தன. முந்தைய நாள் இரவு நடந்த தொலைபேசிக் கலந்தாய்வில், ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தனர். நாசா மேலாளர்கள் அப்பரிந்துரையைக் கேள்விக்குட்படுத்தினர். நிறுவன மேலாளர்கள் தனியே ஆலோசித்து அதனை மாற்றிக்கொண்டனர். 'ஏவுதல் பாதுகாப்பானது என்று காட்டுக' என்னும் வழக்கமான கோரிக்கை, 'ஆபத்தானது என்று காட்டுக' என மாறிய இடம் இதுவே. பொறியாளர்களிடம் ஐயம் இருந்தது. ஐயமற்ற சான்று இல்லை.

சமூகவியலாளர் டயான் வாகன் 1996இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றத்தின் வேரைக் காட்டுகிறது. வளைய அரிப்பு முந்தைய பயணங்களிலும் காணப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஊர்தி நலமாகத் திரும்பியதால், குறைபாடு ஏற்கத்தக்கதாக மறுவரையறை செய்யப்பட்டது. இதனை அவர் 'பிறழ்வு இயல்பாதல்' என்னும் கருத்தாக்கத்தால் விளக்குகிறார்.

அன்றைய ஏவுதலுக்கு வெளியிலிருந்து அழுத்தம் தரப்படவில்லை என ஆணையம் முடிவு செய்தது. ஆயினும் 1985இல் ஒன்பது பயணங்களே நிகழ்ந்திருக்க, 1990க்குள் ஆண்டுக்கு 24 பயணங்கள் என்னும் இலக்கு இருந்தது. அரசியல் ஓர் ஆணையாக வரவில்லை. கால அட்டவணையாக முன்னரே உள்ளே இருந்தது.

கொலம்பியா: மீண்டும் அதே தருக்கம்

2003 சனவரி 16 அன்று கொலம்பியா ஏவப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு இடப்புற இறக்கையைத் தாக்கியது. சேதத்தை அறியச் சுற்றுப்பாதைப் படங்கள் வேண்டிப் பொறியாளர்கள் தரப்பில் எழுந்த மூன்று முயற்சிகளும் பயனற்றுப் போயின. பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்திற்குள் மீளும்போது ஊர்தி சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்தனர். பாதுகாப்பின்மையை மெய்ப்பிக்கும் சுமை பொறியாளர்கள்மீது விழுந்ததை விசாரணைக் குழு சுட்டியது. நுரைத்துண்டுக்கு நிகரான காரணமாக நிறுவனப் பண்பாட்டையும் குறிப்பிட்டது. படம் இருந்தால்தான் ஆபத்தை நிறுவ இயலும். ஆபத்தை நிறுவினால்தான் படம் கிடைக்கும் என்னும் சுழலில் அவர்கள் சிக்கினர்.

ஒப்புதலின் எல்லை

கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன், மனிதரற்ற கலங்களின் அறிவியல் பயனைச் சுட்டி, மனிதப் பயணம் காலாவதியாகிவிட்டதா என 2004இல் வினவினார். விண்வெளி வீரர்கள் இடரை அறிந்தே ஏற்கின்றனர் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுள் ஒன்று. அவ்வாதம் ஒரு முன்நிபந்தனையைச் சார்ந்தது: அறிதல். சேலஞ்சர் குழுவினருக்கு முந்தைய இரவின் விவாதம் தெரிவிக்கப்படவில்லை. கொலம்பியா குழுவினருக்கு நுரைத்துண்டு மோதியது தெரிவிக்கப்பட்டது. கவலைக்கு இடமில்லை என்ற உறுதியும் உடன் வந்தது. பொதுவான இடருக்கு அவர்கள் தந்த ஒப்புதலைக் குறிப்பிட்ட அந்த ஐயத்திற்குத் தந்த ஒப்புதலாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

மனிதரை விண்ணுக்கு அனுப்பலாமா என்னும் வினாவிற்கு இவ்விரு நிகழ்வுகளும் விடை தருவதில்லை. அனுப்புவதாயின், ஐயத்தை எழுப்புவோர் அதனை நிறுவ வேண்டியதில்லை, ஏவ விரும்புவோரே அதனைக் களைய வேண்டும் என்னும் நெறியை அவை வலியுறுத்துகின்றன. இந்தியாவின் ககன்யான் திட்டத்திற்கு 2018இல் அறிவிக்கப்பட்ட இலக்கு 2022. அவ்வாண்டு கடந்ததைத் தோல்வி என்று கணிக்கும் பொது விமர்சனம், கால அட்டவணையையே அளவுகோலாகக் கொள்கிறது. தாமதத்தைக் குறைகூறும் முன், அத்திட்டத்தில் 'இன்னும் ஆயத்தமில்லை' என்று சொல்லும் பொறியாளரின் குரலுக்கு என்ன மதிப்பு உள்ளது என்று வினவுவதே பொது விவாதத்தின் கடமையாகும்.