பூட்டினால் தெரு, விட்டால் இடிபாடு

1913 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு, அயர்லாந்தின் டப்ளின் நகரில் சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். மாடிக்கு மாடி ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வீடுகள் அவை. இப்படி ஒரு வீடு விழுந்தால் நம் கோபம் முதலில் பாய்வது ஆய்வாளர் மீதுதான்: ஒழுங்காகப் பார்த்திருந்தால் உயிர் போயிருக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் டப்ளினின் கதையைக் கூர்ந்து பார்த்தால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. ஆய்வாளர் பார்த்தார், குறித்தார், ‘குடியிருக்கத் தகாதது’ என்று எழுதியும் விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அன்று இரவு அந்தக் குடும்பங்கள் எங்கே படுத்துத் தூங்கும்?

அந்த வீடுகள் ஏழைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதே முதல் விசித்திரம். நகரின் ஒண்டுக்குடித்தனங்களில் பல, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்களும் செல்வர்களும் எழுப்பிய மாளிகைகள். 1801இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டு டப்ளினின் நாடாளுமன்றம் இல்லாமல் போனதும் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மாளிகைகள் கைமாறி, கடைசியில் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்குப் போயின. ஹென்ரியெட்டா தெருவில் 15 வீடுகளில் மட்டும் 835 பேர் வாழ்ந்ததை 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு பதிவு செய்திருக்கிறது. சித்திர வேலைப்பாடு கொண்ட கூரைக்குக் கீழே ஒரே அறையில் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் நடந்தன. தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் கொல்லையில். அவையும் எல்லோருக்கும் பொது. துறைமுகத்திலும் வண்டிப்பேட்டையிலும் அன்றாடக் கூலி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றிருந்தவர்களால் அதற்கு மேல் வாடகை தர முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட அரசு விசாரணைக் குழு, 1914இல் அறிக்கை தந்தது. ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்த குடும்பங்கள் 25,822. அவற்றில் 20,108 குடும்பங்களுக்கு ஒரே ஓர் அறை. கட்டடங்களைக் குழு மூன்று தரமாகப் பிரித்தது. உறுதியானவை 1,516. சிதைந்து தகுதியின் விளிம்பில் நின்றவை 2,288. செப்பனிடவே முடியாதவை 1,518. அந்தக் கடைசித் தரத்தில் மட்டும் 22,701 பேர் குடியிருந்தார்கள். இவ்வளவு இருந்தும் சட்டம் ஏன் தூங்கியது? குழு சொன்ன காரணம் ஒன்று வெட்கக்கேடானது: விதிகளை அமல்படுத்த வேண்டிய மாநகராட்சியின் உறுப்பினர்களிலேயே சிலர் இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள். சுகாதார அதிகாரி சர் சார்லஸ் கேமரன் விதிகளைத் தம் விருப்பப்படி தளர்த்தினார் என்றும், தகுதியில்லாத வீடுகளுக்கும் வரிச்சலுகை கிடைத்தது என்றும் அறிக்கை கண்டித்தது.

அப்படியானால் நேர்மையான அதிகாரிகள் இருந்திருந்தால் போதுமே என்று வாதிடலாம். போதாது என்பதற்கு அந்த மூன்றாம் தரக் கணக்கே சாட்சி. எந்த உறவும் இல்லாத, எதற்கும் மசியாத ஓர் ஆய்வாளர் அந்த 1,518 வீடுகளையும் ஒரே நாளில் பூட்டியிருந்தால், 22,701 பேரும் மற்ற ஒண்டுக்குடித்தனங்களின் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். நெரிசல் கூடும், வாடகை ஏறும், நேற்றுவரை விளிம்பில் நின்ற வீடு இன்று தகுதியிழக்கும். இடிப்பதற்குப் பதில் செப்பனிடலாமே என்பது அடுத்த வாதம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் 1901 முதல் ஜான் நெட்டில்ஃபோல்டு தலைமையில் அந்த வழியில்தான் போனது. உரிமையாளர்களைச் செப்பனிட வைத்தது, அடைசலான முற்றங்களில் சில வீடுகளை அகற்றிக் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தது. டப்ளினின் இரண்டாம் தரத்துக்கு அது ஏற்ற மருந்தாகவே இருந்திருக்கும். ஆனால் பத்துக் குடும்பம் இருந்த வீட்டை ஒழுங்காகச் செப்பனிட்டால் அதில் நான்கோ ஐந்தோதான் இருக்க முடியும். மீதிக் குடும்பங்களுக்கு வேறு இடம் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு புதிய வீட்டில்தான் வந்து முடிகிறது. அதனால்தான் விசாரணைக் குழுவும் சுமார் 14,000 புதிய வீடுகள் தேவை என்றது. அறிக்கை வந்த ஆறு மாதத்தில் உலகப் போர் மூண்டது.

மாநகராட்சி பின்னாளில் கட்டாமலில்லை. 1920களில் மரினோ பகுதியில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் எழுந்தன, 1930களில் நகருக்குள் அடுக்குமாடிகள் வந்தன. ஆனாலும் 1963 ஜூனில் போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் பழைய வீடுகள் பத்து நாள் இடைவெளியில் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். பதறிப்போன மாநகராட்சி ஆய்வாளர்களை முடுக்கிவிட்டு வீடு வீடாகப் பூட்டியது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய படைமுகாம்தான் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஆய்வு தளர்ந்திருந்தது, இப்போது இறுகியது. இரண்டு முறையும் குறைந்தது மாற்று வீடு. ஆய்வு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஆய்வாளர் தயங்காமல் கையெழுத்திட வேண்டுமானால், பூட்டும் ஒவ்வொரு கதவுக்கும் திறக்க இன்னொரு கதவின் சாவியையும் நகரம் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.