பழைய வேட்டி போதும்: குழந்தைக்குத் துணி கட்டும் முறை

கொல்லிமலையில் செம்மேடு ஆனாலும் சரி, உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர் ஆனாலும் சரி, பெட்டிக்கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் இப்போது டயப்பரும் தொங்குகிறது. பாக்கெட்டாக வாங்கக் காசில்லை என்றால் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகவும் வாங்கலாம். வாங்குவது சுலபம். கழற்றியதை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். குப்பை வண்டி வராத ஊரில் அது ஓடைக்கரைப் புதருக்கோ, மிளகுத் தோட்டத்து ஓரப் பள்ளத்துக்கோ போகிறது. நாய் இழுத்துப் பிய்த்துப் போடுகிறது. மழை வந்தால் உள்ளே இருக்கும் பசை உப்பி, ஜவ்வரிசி கஞ்சி கொட்டிய மாதிரி நிலத்தில் கிடக்கிறது.

அது என்ன பசை? ஒரு டயப்பரைப் பிரித்துப் பார்த்தால் வெளியே பாலித்தீன் தாள், குழந்தையின் தோலில் படுகிற பக்கம் துணி மாதிரி தெரியும் பாலிபுரொப்பிலீன், நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, அதற்குள் வெள்ளை மணல் போல ஒரு தூள். அந்தத் தூளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நல்ல தண்ணீரைக் குடித்து உப்பும். மூத்திரத்தில் உப்பு இருப்பதால் அவ்வளவு குடிக்காது, ஆனாலும் நிறையவே பிடிக்கும். இந்த வகைத் தூளுக்கும் நம் தொழிலுக்கும் ஒரு உறவு உண்டு. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் இதை ஆராய்ந்ததே, வறண்ட மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கலாம் என்ற எண்ணத்தில்தான். நிலத்துக்காகத் தேடியது குழந்தையின் இடுப்புக்குப் போய், இப்போது குப்பையாக நிலத்துக்கே திரும்பி வருகிறது. டயப்பர் பசையைச் செடித் தொட்டியில் போடலாம் என்று கைப்பேசியில் வீடியோ சுற்றுகிறது. நஞ்சில்லா உணவு விளைவிக்கிறோம் என்று சொல்லும் நாம் அந்த வேலையில் இறங்க வேண்டாம். அது எளிதில் மட்காது, கூடவே மலமும் இருக்கிறது. எரித்தாலும் பிளாஸ்டிக் புகைதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்குத் தடை வந்தது. டயப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கான உறையைக் கம்பெனியே தர வேண்டும் என்றன. உறையோடு வந்த டயப்பரை உங்கள் கடையில் பார்த்திருக்கிறீர்களா? சமவெளியில் வண்டி வரும் ஊரிலும் கடைசியில் அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைக் காவலர்தான். புனேயில் ஸ்வச் கூட்டுறவைச் சேர்ந்த குப்பை சேகரிக்கும் பெண்கள், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி அதைத் தயாரித்த கம்பெனிகளுக்கே 2013-இல் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு வந்த கோபம் நமக்கு ஏன் வரவில்லை என்று யோசிக்கலாம்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு டயப்பர் 10 ரூபாய், நாளைக்கு நாலு என்று வைத்தால் மாதம் 1,200 ரூபாய். 2024-25-இல் நூறு நாள் வேலையின் நாள் கூலி 319 ரூபாய். அதாவது மாதத்தில் கிட்டத்தட்ட நாலு நாள் கூலி டயப்பருக்கு. இரண்டு வருசத்துக்கு 2,900-க்கு மேல் டயப்பர், 29,000 ரூபாய். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பல வீடுகளில் நாலு போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுகிறார்கள். ராத்திரி போட்டது விடிந்தும் கழற்றப்படுவதில்லை. குழந்தையின் தொடை இடுக்கு சிவந்து புண்ணாவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மூத்திரமும் மலமும் சேர்ந்து கிடந்தால் காரத்தன்மை ஏறி, மலத்தில் உள்ள செரிமான நொதிகள் தோலையே அரிக்கும்.

துணி கட்டினால் இது தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஈரத் துணியை மாற்றாமல் விட்டாலும் இதே புண் வரும். துணியில் ஒரு நன்மை, நனைந்தது உடனே தெரியும். குழந்தையே சிணுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? வீட்டுப் பெட்டியில் இருந்துதான். பல முறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியும் நூல் சேலையும்தான் முதல் தரம். நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறு துணி வரும். எட்டு முழம் என்றால் பன்னிரண்டு. ஐந்தரை மீட்டர் சேலையில் 55 சென்டிமீட்டர் சதுரமாக இருபது தேறும். பாலியஸ்டர் கலந்த சேலை வேண்டாம், அது ஈரம் குடிக்காது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முடிச்சாகும்.

புதுத் துணிதான் வேண்டும் என்றால் ஈரோடு, பள்ளிபாளையம் பக்கம் கிடைக்கும் காடா துணி போதும், சாயம் போடாதது. ஆனால் புதுக் காடா தண்ணீரைக் குடிக்காது, மேலே முத்து முத்தாக நிற்கும். பருத்தியின் இயற்கை மெழுகும், நெசவில் பாவுக்குப் போட்ட கஞ்சியும்தான் காரணம். (பாவுக்கு மரவள்ளி மாவுக் கஞ்சியும் போடுவது உண்டு. நம்ம மலைக் கிழங்கு மாவாகி, பாவில் ஏறி, துணியாக மலைக்கே வந்தாலும் வரும்.) ஒரு ராத்திரி ஊறவைத்து, நாலைந்து முறை துவைத்து, ஒரு முறை கொதிக்க வைத்த பிறகு கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் பாட்டிமார்களிடமும் சொல்லுங்கள். பாச்சா உருண்டை போட்டு வைத்த பெட்டித் துணியை எடுத்து அப்படியே குழந்தைக்குக் கட்டக் கூடாது. அதில் உள்ள நாப்தலீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. பிறக்கப் போகும் குழந்தைக்கு எடுத்து வைக்கும் துணிக்கு வசம்போ காய்ந்த நொச்சி இலையோ போதும். எடுத்ததும் ஒரு முறை அலசி, நல்ல வெயிலில் காயவைத்துக் கட்டுங்கள்.

எத்தனை துணி வேண்டும்? பிறந்த குழந்தை நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். வெயில் காலத்தில் 24 போதும். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கப் போகிறது என்றால் 36-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு தடவை குறையும், ஒரு தடவைக்கு அளவு கூடும். அப்போது துணியை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கும்.

கட்டும் முறை இரண்டு. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அகலப் பக்கம் இடுப்புக்குக் கீழே வரும்படி குழந்தையைப் படுக்க வைத்து, நடு முனையைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, மற்ற இரண்டு முனைகளோடு சேர்த்து முடிச்சிடுவது ஒன்று. ஊக்கு வேண்டாம். தொப்புள்கொடி உதிரும் வரை முடிச்சு தொப்புளுக்குக் கீழே நிற்கட்டும். இன்னொன்று நம்ம பழைய கோவணம். ஒரு சாண் அகலம், முக்கால் மீட்டர் நீளத் துணியை அருணாக்கொடியில் முன்னும் பின்னும் செருகிவிடுவது. கைக்குழந்தைக்கு இது நழுவும். தவழ ஆரம்பித்த பிறகு இதைப் போல வசதி எதிலும் இல்லை. ராத்திரிக்குத் தேங்காய்ப்பூத் துண்டை நீளமாக மடித்து நடுவில் வையுங்கள். அடியில் ரப்பர் ஷீட் விரித்தால் பாய் தப்பிக்கும், ஷீட்டைக் குழந்தையின் இடுப்பில் சுற்ற வேண்டாம். தூளியில் தூங்கும் நேரத்துக்கு ஒன்றுமே கட்டத் தேவையில்லை, கீழே ஒரு கோணிச் சாக்கு போட்டால் ஆச்சு.

நகரத்தில் பட்டன் வைத்துத் தைத்த துணி டயப்பர் விற்கிறார்கள். வெளி உறை தண்ணீர் ஒழுகாத பாலியூரித்தேன் பூசிய துணி, உள்ளே மாற்றும் பட்டை. அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் நன்றாக வைத்துக்கொண்டால் அடுத்த குழந்தைக்கும் ஆகும். வேலைக்குப் போகிற வீட்டில் மூன்று, நாலு இருந்தால் உதவும். அந்த உறையைக் கொதிநீரில் போடாதீர்கள், பூச்சு பிரிந்துவிடும்.

செலவில்லாத ஒரு பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தூங்கி எழுந்ததும், பால் குடித்த சிறிது நேரத்திலும் குழந்தையைக் காலில் உட்கார வைத்து 'ஸ்ஸ்' என்று சொல்லி மூத்திரம் போக வைப்பது. கழுத்து நின்ற குழந்தை சில வாரத்திலேயே பழகும். நாளைக்கு மூன்று, நாலு துணி மிச்சமாகும். டயப்பர் வந்ததும் இந்தப் பழக்கம்தான் முதலில் போனது.

இனி துவைப்பது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வரை மலம் தண்ணீரில் எளிதில் கரையும். கேழ்வரகுக் கூழும் சாமைச் சோறும் ஆரம்பித்த பிறகு கெட்டியாகும், கழிப்பறையில் உதறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழந்தை மலம் சுத்தமானது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதிலும் உண்டு. ஆகவே ஊற்று, சுனை, ஓடை எதிலும் இந்தத் துணியை அலச வேண்டாம். மலையில் ஓடையில் கசக்குவது கீழே ஒருவர் குடிக்கும் தண்ணீரில் கசக்குவதுதான். ஐயாறு ஆகாய கங்கையில் விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் போகிறது, அங்கேயும் உழவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை மொண்டு வந்து, ஊற்றில் இருந்து குறைந்தது 100 அடி தள்ளி, பக்கெட்டில் அலசுங்கள்.

முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். எடுத்த எடுப்பில் சுடுநீர் ஊற்றினால் கறை இறங்கிக் கெட்டியாகிவிடும். மலம் பட்ட துணியின் முதல் தண்ணீர் கழிப்பறைக்கு. மூத்திரத் துணி மட்டும் அலசிய தண்ணீரை வாழைத் தூருக்கோ பலா மரத்துக்கோ ஊற்றுங்கள், அதில் யூரியா சத்து ஏற்கெனவே கரைந்து நிற்கிறது. கீரைப் பாத்திக்கு வேண்டாம். பிறகு சாதாரண சோப்பு, அல்லது கொட்டை நீக்கி ஊறவைத்த பூந்திக்காய்த் தண்ணீர். சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தங்கிய சோப்பும் தோலைக் கடிக்கும். வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம், நூலின் மேல் படிந்து ஈரம் குடிக்கவிடாது. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். வண்ணார் வெள்ளாவி வைத்ததும் இதே கணக்குதான், சூட்டில் அழுக்கும் போகும், கிருமியும் சாகும். ஒரு நாள் துணிக்கு நாலு பக்கெட் தண்ணீர் பிடிக்கும்.

"மழக்காலத்துல துணி காயலைன்னா என்ன பண்றது?" கொல்லிமலையில் இதுதான் உண்மையான கேள்வி. நாலு நாள் வெயில் முகமே தெரியாமல் மஞ்சு மூடிக் கிடக்கும்போது, சமவெளிக்காரர் சொல்லும் 'வெயிலில் உலர்த்துங்கள்' என்ற அறிவுரை எதற்கும் உதவாது. இரண்டு மூன்று மடிப்புத் துணியைத் தைத்து வைக்காதீர்கள். தனித்தனி ஒற்றைத் துணியாக வைத்துக் கட்டும்போது மடித்துக்கொண்டால் பாதி நேரத்தில் காயும். திண்ணையில் காற்றோட்டமாகக் கொடி கட்டி, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், புகையும் ஏறும், நெருப்பும் பிடிக்கும். கடைசி ஈரத்துக்கு ஆறிய ஓட்டுக் கல்லின் மேலோ இஸ்திரிப் பெட்டியிலோ ஒரு முறை தேய்க்கலாம். அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டுவதைவிட அன்றைக்கு இரண்டு டயப்பர் போடுவது மேல். எழுபது வளைவு இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலும் போட்டுக்கொள்ளுங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. நாளைக்கு நாலு என்பது வாரத்துக்கு நாலு ஆனாலே பெரிய மாற்றம்.

2023-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆய்வில், துணி டயப்பரால் வரும் கரி வெளியேற்றம் ஒருமுறை டயப்பரைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. துணியின் கணக்கில் ஏறியதில் பெரும்பங்கு துவைக்கும் மின்சாரம். இங்கே அந்த மின்சாரத்தின் இடத்தில் இருப்பது ஒரு பெண்ணின் கை. பிரசவித்த உடம்போடு பனித் தண்ணீரில் பதினைந்து துணி கசக்கச் சொல்லிவிட்டு, ஆண்கள் இயற்கை வாழ்வியல் பேசுவது நியாயமில்லை. முதல் மூன்று மாதம் துணி துவைப்பது அப்பன் வேலை என்று வீட்டில் தீர்மானித்துக்கொண்டு தொடங்குங்கள். மாடு கட்டுத்தறியில் சாணி அள்ளுகிற கைக்கு இது அருவருப்பாக இருக்க முடியாது. இந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் துணி ஒரு மாதம்கூடத் தாங்காது.

லேசான சிவப்புக்குத் துணி இல்லாமல் காற்றாட விட்டு, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். பவுடர் போட வேண்டாம், குழந்தை மூச்சில் இழுத்துவிடும். தொடை மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை. கைவைத்தியம் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நைந்து கிழிந்த துணியைத் தூக்கிப் போட வேண்டாம். கொதிக்க வைத்து அலசி எடுத்தால் அடுப்பங்கரைக் கரித்துணி ஆகும். அதற்கும் ஆகாததை, ஓரத் தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் உருவிவிட்டு, மட்குக் குழியில் போடுங்கள். ஈரம் இருந்தால் சில மாதத்தில் மண்ணாகிவிடும்.