நிலமும் அரசும்: கேலாங் காட்டும் பாடம்

அரசின் வலிமை படையினால் மட்டும் அளக்கத்தக்கதன்று. பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், சேர்த்தல், காத்தல், பகுத்தளித்தல் என்னும் நான்கினையும் அரசனின் திறமாகத் திருவள்ளுவர் 'இறைமாட்சி' அதிகாரத்தில் வகுத்துள்ளார். இக்கால அரசியற் பொருளியல் அறிஞரும் இவ்வினாவையே எழுப்புகின்றனர்: அரசுக்குப் பொருள் எங்கிருந்து வருகின்றது? அதன் சுமை யார்மேல் விழுகின்றது?

ஆப்பிரிக்காவை ஆராய்ந்த இராபர்ட் பேட்ஸ், 1981இல் வெளியிட்ட நூலில் விளைபொருள் விற்பனை வாரியங்களை எடுத்துக்காட்டினார். கொக்கோ முதலியவற்றை உலகச் சந்தை விலையினும் குறைத்து வாங்கி, மிகுதியை அரசுகள் எடுத்துக்கொண்டன. சிதறி வாழ்ந்த உழவர் ஒன்றுகூடி எதிர்க்க இயலவில்லை.

சிங்கப்பூரில் கொக்கோத் தோட்டம் இல்லை. நிலமே இங்கு அரசின் கைப்பொருளாயிற்று. 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசுக்குரியதாயிருந்தது. 1985இல் அது 76 விழுக்காடாயிற்று. இதற்குக் கருவியாய் அமைந்தது 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். 1973இல் வந்த திருத்தம், அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விலையையே இழப்பீட்டின் மேல்வரம்பாக்கியது. அந்நாள் பின்னர் அவ்வப்போது மாற்றப்பட்டது. 2007இல்தான் எடுக்கும் நாளின் சந்தை விலை வழங்கப்படலாயிற்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எடுக்கப்பட்ட நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை எழுப்பிற்று; 1964 முதல் அவற்றை மக்களுக்கு விற்றது. 1968 முதல் மத்திய சேம நிதியைக் கொண்டும் அவற்றை வாங்க முடிந்தது. இழந்தவர் சிலர், பெற்றவர் பலர். எடுத்ததைப் பகுத்தளித்ததனால் அரசு நிலைபெற்றது எனலாம்.

நிற்க. கேலாங் மூன்றாம் லோரோங்கில் 191 வரிசை வீடுகள் இருந்தன. அவற்றின் 60 ஆண்டுக் குத்தகை 2020 திசம்பர் 31ஆம் நாள் முடிவுற்றது. நிலம் இழப்பீடின்றி அரசிடம் மீண்டது. ஒப்பந்தப்படி இது முறையே. ஆயினும் "வீடு எனது" என வாழ்ந்தவர்க்கு, உடைமை என்பது காலவரையறைக்கு உட்பட்டது என்பதை அந்நாள் உணர்த்தியிருக்கும்.

தலைவர்களும் குடிவழியினரும் நிலத்தைப் பங்கிடும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் நிலப்பூசல் ஊரளவில் அடங்கும். நடுவண் அரசே பங்கிடும் இடங்களில் அது நாட்டின் அரசியலாகும். இது கேத்தரின் பூன் 2014இல் நிறுவிய கருத்து. சிங்கப்பூர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கழக வீடுகளின் குத்தகையோ 99 ஆண்டுகள். முதன்முதல் விற்றவற்றுக்கு 2060களில் அது முடிவுறும். அன்று எழும் வினா 191 வீடுகளோடு அடங்காது. நம்மவர் உட்பட நாட்டின் பெரும்பாலோரைத் தொடும். ஈட்டுதலில் வல்லதெனத் தன்னைக் காட்டிய அரசு, வகுத்தலிலும் வல்லதோ என்பதை அன்றுதான் காண்போம்.