கோடையில் சோதிக்க வேண்டிய எர்த்

மிக்ஸியின், மோட்டாரின் உலோக உடலில் ஃபேஸ் வயர் பட்டுவிட்டால், அந்த மின்னோட்டத்தை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த். அந்தப் பாதையின் மின்தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 23 ஆம்பியர்தான் ஓடும். மிகை மின்னோட்டத்தில் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. 32 ஆம்பியருக்கானது என்றால் அதற்கு விழாது, தொடுபவர் உயிருக்கு ஆபத்து. எர்த் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதன் மின்தடையை அளந்தாக வேண்டும்.

அந்தமானில் இந்தத் தேவை இன்னும் அதிகம். உப்புக்காற்று இரும்பு எர்த் பைப்பையும் நட்டு போல்ட்டையும் அரிக்கிறது. மே முதல் டிசம்பர்வரை இரு பருவமழைகளிலும் நனையும் மண், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஜனவரிக்குப் பின் மண் உலர, மின்தடை ஏறும். மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டும் எர்த், மார்ச்சில் கைவிடலாம்.

மின்னோட்டத்தை அளக்க உதவுவது கிளாம்ப் மீட்டர். எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் டாங் டெஸ்டர். வயரை வெட்டாமல், சப்ளையை நிறுத்தாமல், அதன் வாய்க்குள் ஒரு வயரை விட்டால் போதும். வயரைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், மீட்டரின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதி இது. நேர்மின்னோட்டத்தில் காந்தப்புலம் மாறாது, அதனால் அங்கே இந்த முறை பலிக்காது. அந்தமானில் நெய்வேலி என்.எல்.சி. அமைத்தது போன்ற சூரிய மின்நிலையங்களில் நேர்மின்னோட்டம் ஓடும் பேனல் வயரை அளக்க, 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவில் இயங்கும் மீட்டர் வேண்டும்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். மிச்சம் தெரிந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது. மில்லிஆம்பியர் கசிவைக் காட்டத் தனி லீக்கேஜ் கிளாம்ப் உண்டு.

எர்த்தின் மின்தடையை அளக்கும் கிளாம்பில் இரண்டு சுருள்கள். ஒன்று சிறு மின்னழுத்தத்தைத் தூண்டும். மற்றது அதனால் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும். வகுத்தால் மின்தடை. ஆனால் மின்னோட்டம் மண் வழியே போய், வேறு எர்த்துகள் வழியே திரும்பினால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பல கம்பங்களின் எர்த்துகள் ஒரே கம்பியில் இணைந்திருக்கும் மின்தடத்தில் அது சரிவரும். தனித்த ஒற்றை எர்த்தில் வேலைக்காகாது. அங்கே எர்த் வயரைக் கழற்றி, மண்ணில் இரண்டு கம்பிகள் அடித்து அளக்கும் பழைய முறையே சரி. மண்ணைத் தொடாமல் உலோகத்துக்குள்ளேயே சுற்று முடிந்தாலோ, மீட்டர் மிகக் குறைந்த ஓம் காட்டி ஏமாற்றும்.

ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் தகுதிபெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து, அளவைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறினால், அரிப்பு தொடங்கிவிட்டதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். கூடவே 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை.