கோவா இலையும் சினைச் செம்மறியும்

இலங்கையிற் செம்மறிகள் பெரும்பாலும் உலர் வலயத்திலேயே உள. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் அவற்றை வளர்ப்போர் குளிரை முன்னிட்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மரக்கறித் தோட்டத்திற் கழிக்கும் கோவா, நோக்கோல் இலைகளை ஆடு விரும்பித் தின்னும். தீனிச் செலவும் மிஞ்சும். ஆயின் சினையாட்டிற்கு நாள்தோறும் அதனையே இடுதல் ஆகாது.

கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி தைரொட்சின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. உடல் தீனியை எரித்துச் சூடு உண்டாக்கும் வேகம் இதனைப் பொறுத்தது. குளிரிலும் மயிர் கத்தரித்த பின்னரும் இச்சுரப்பு மிகும்; வெப்பத்திலும் பட்டினியிலும் தளரும். இவை உடல் தானே செய்துகொள்ளும் சீராக்கம். அயடீன் குறைவால் வரும் தாழ்வோ அத்தகையதன்று. அயடீன் இன்றேல் தைரொட்சின் உண்டாகாது.

கோவாக் குடும்பத்து இலைகளிலிருந்து வயிற்றில் உண்டாகும் தயோசயனேற்று, சுரப்பி அயடீனை ஈர்ப்பதைத் தடுக்கின்றது. 1928 இல் அமெரிக்காவிற் கோவா தின்ற ஆய்வு முயல்களுக்குக் கழலை கண்டது. நியூசீலாந்தில் இலைக்கோவா மேய்ந்த ஆடுகள் கழலையுடைய குட்டிகளை ஈன்றன.

தாய் நலமாகவே தோன்றும். கேடு குட்டியில் வெளிப்படும். தொண்டையின் கீழ் வீக்கமும் குறைந்த மயிரும் காணும். பால் குடிக்கவும் வலுவிராது. நுவரெலியாவின் தை மாத உறைபனி இரவில் அது விறைத்து இறந்தால், பழி குளிரின் மேலேயே விழும்.

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதன் பிற்பாதியிற் புல்லே முதன்மைத் தீனியாகவும் கோவா இலை சிறிதாகவும் இருத்தல் நன்று. அயடீன் கலந்த உப்பை நக்க வைக்கலாம். அயடீன் மிகினும் தீங்கே. ஆதலால் அயடீன் மருந்துகளை மிருக வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது. இறந்து பிறந்த குட்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்து, வீக்கம் இருப்பின் அவரிடம் காட்டுக.