காதுக்குள் ஓயாத இரைச்சல்

"காதுக்குள் வண்டு இரைகிறது உம்மா" என்று பிள்ளை சொன்னால், படிப்பதற்குக் கள்ளம் என்று ஏசிவிடாதீர்கள். வெளியில் சத்தமே இல்லாமல் காதுக்குள் மட்டும் கேட்கும் இதனைக் காதிரைச்சல் என்பார்கள்.

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தால் அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. 2009 மே மாதம் யுத்தம் முடியும் வரை வன்னியில் ஷெல் வெடிப்புகளுக்கு நடுவே வாழ்ந்த சிறுவர்கள் இன்று பெரியவர்கள். வெடியோசை செவிப்பறையைக் கிழிக்கும். இரைச்சலையும் விட்டுச் செல்லும். யுத்தத்தைக் காணாத இன்றைய பிள்ளைகளுக்கோ, காதில் செருகும் இயர்போனே ஆபத்து. பிள்ளைகளுக்கு 75 டெசிபல் ஒலி, வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை.

வயல் சூழ்ந்த கிராமத்தின் இரவு அமைதியில் இரைச்சல் கூடுதலாகத் தெரியும். தூக்கம் கெடும். காலையில் பாடத்தில் மனம் நிற்காது. எரிச்சலும் கோபமும் வரும். காரணம் தெரியாத வீட்டார் "சோம்பேறி" என்பார்கள். அந்தச் சொல் இரைச்சலைவிட அதிகம் வலிக்கும்.

காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சியால் குடையாதீர்கள். காதுக்குரிய வைத்தியரிடம் காட்டுங்கள். வெறும் காதுக் குறும்பியும் காரணமாகலாம். திடீரெனக் காது கேளாமற் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இரவில் மின்விசிறியின் மெல்லிய ஓசை இரைச்சலை மறக்கச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து, பிள்ளை சொல்வதை நம்புவதுதான்.