நிலத்தின் நடுவே ஒரு தீவு: வால்ரேயாஸ் நகரம்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நாற்புறமும் நிலமே சூழ்ந்த தீவு ஒன்று உண்டா? பிரான்சு நாட்டின் தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். தென்கிழக்கே துரோம் என்னும் மாவட்டத்தின் நடுவில் வேறு நிறத்தில் ஒரு சிறு துண்டு தெரியும். அது தெற்கேயுள்ள வோக்ளூஸ் மாவட்டத்திற்கு உரியது. அத்துண்டின் முதன்மையான ஊர் வால்ரேயாஸ்.

அமைவிடம்

ரோன் ஆற்றுச் சமவெளிக்குக் கிழக்கே, மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் வால்ரேயாஸ் அமைந்துள்ளது. கொரோன் என்னும் சிற்றாறு இவ்வூர் வழியே ஓடுகிறது. வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்னும் குளிர்காற்று வேகமாக வீசும். திராட்சையும் லாவெண்டர் மலர்ச் செடியும் இங்கு நன்கு விளைகின்றன. அண்டையிலுள்ள ரிஷ்ரான்ஷ் என்னும் சிற்றூர், மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த கருங்காளானுக்குப் பெயர் பெற்ற சந்தை. 19-ஆம் நூற்றாண்டில் பட்டுப்புழு முட்டைகளை அனுப்புவதற்காகச் சிறு அட்டைப் பெட்டிகள் செய்யத் தொடங்கினர். அதுவே பெருந்தொழிலாக வளர்ந்தது. அதன் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் இந்நகரில் இருக்கின்றது. நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9,000.

பாப்பரசர்கள் வாங்கிய நிலம்

இத்துண்டு நிலம் உண்டானது எப்படி? 1274 முதல் இதன் தெற்கேயுள்ள கொம்தா வெனெசான் என்னும் நாடு பாப்பரசரின் ஆட்சியில் இருந்தது. 1309-இல் பாப்பரசர் அவிஞோன் நகருக்கு வந்து தங்கினார். அங்கிருந்து ஆண்ட 22-ஆம் அருளப்பர் 1317-இல் வால்ரேயாஸை விலைக்கு வாங்கினார். ரிஷ்ரான்ஷ், விஸான், கிரியோன் ஆகிய ஊர்களும் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவ்வூர்களையும் தெற்கேயுள்ள நாட்டையும் இணைக்க இடையிலிருந்த நிலத்தையும் வாங்க முயன்றபோது, பிரெஞ்சு அரசர் அவ்விற்பனையைத் தடுத்துவிட்டார் என்று வழிவழியாகச் சொல்கின்றனர். எனவே நான்கு ஊர்களும் தனித்தே நின்றன. இன்றும் இப்பகுதிக்குப் ‘பாப்பரசர்களின் தனிநிலம்’ என்றே பெயர்.

புரட்சிக்குப் பின்

பிரெஞ்சுப் புரட்சியின்போது இந்நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. தேசிய சபையில் பாப்பரசரின் உரிமைக்காக வாதாடியவர்களுள் ஒருவர் மோரி என்னும் குரு. அவர் 1746-இல் இதே வால்ரேயாஸில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பிற்காலத்தில் கர்தினாலாக உயர்ந்தவர். அவர் வாதம் வெல்லவில்லை. 1791 செப்டம்பர் 14 அன்று அவிஞோனும் கொம்தா வெனெசானும் பிரான்சுடன் இணைக்கப்பட்டன. 1793-இல் வோக்ளூஸ் மாவட்டம் பிறந்தது. துரோம் மாவட்டம் சுற்றிலும் சூழ்ந்திருந்தும், நான்கு ஊர்களும் தங்கள் பழைய உறவை விடாமல் வோக்ளூஸிலேயே நிலைபெற்றன.

கோட்டினால் வரும் வேறுபாடு

தேசப்படத்தில் ஒரு கோடுதானே என்று எண்ணலாகாது, தோழியரே! வால்ரேயாஸ் மக்களுக்கு மாவட்டத் தலைநகர் அவிஞோன். அங்கே செல்ல அடுத்த மாவட்டத்தைக் கடந்தே ஆகவேண்டும். அது மட்டுமன்று, இரு மாவட்டங்களும் வெவ்வேறு மண்டலங்களைச் சேர்ந்தவை. பள்ளிகளும் வெவ்வேறு கல்வி ஆணையத்தின் கீழ் உள்ளன. ஆகையால் கோட்டுக்கு இப்பக்கம் குளிர்கால விடுமுறை விடும் வாரத்தில், அப்பக்கத்துப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம்!

ஆனாலும் இவ்வூரார் தங்கள் தனித்தன்மையைப் பெருமையாகவே கருதுகின்றனர். 1504 முதல் வழங்கி வரும் ஒரு வழக்கப்படி, ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு, ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு முந்திய மாலையில், ஒரு சிறுவனைச் ‘சின்ன அருளப்பர்’ எனத் தேர்ந்து, தீப்பந்த ஒளியில் ஊர்வலமாக அழைத்துச் செல்கின்றனர். அடுத்த ஓராண்டுக்கு அச்சிறுவனே நகரின் காவலன்!

நிலத்தை விலைக்கு வாங்கிய பாப்பரசரும் தடுத்த அரசரும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அவர்கள் விட்டுச் சென்ற எல்லை மட்டும் மறையவில்லை. அதனைத் தமது என்று போற்ற அங்கே மக்கள் இருக்கின்றனர். தேசப்படத்தில் வளைந்தும் நெளிந்தும் செல்லும் கோடுகளைக் காணும்போது, “இது ஏன் இப்படி?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பூகோளப் பாடம் வரலாற்றுப் பாடமாக மாறிவிடும்.

— பத்தாம் வகுப்பு மாணவி